கோதுமையில்லா ரொட்டிக்கு ஒரு பந்தயம்

இங்கிலாந்தில் பெர்க்‌ஷயர் பகுதியிலுள்ள வெல்ஃபோர்டு பார்க் என்னும் பழைய மாளிகையின் புல்வெளியில் வெண்ணிறக் கூடாரம் ஒன்றை அடித்து, சமையலைத் தொழிலாகக் கொள்ளாத சாதாரண மனிதர்களை அதற்குள் மேஜைக்கு ஒருவராக நிறுத்தி, கேக்கும் ரொட்டியும் சுடச் சொல்லி, வாரத்துக்கு ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்று நடந்துவந்தது. ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ என்பது அதன் பெயர். 2010-இல் தொடங்கிய அப்போட்டியின் ஆறாவது தொடர் 2015-இல் பி.பி.சி.யில் ஒளிபரப்பானபோது, ஐந்தாம் வாரத்தை மாற்றுப் பொருள்களுக்கென்று ஒதுக்கி, சர்க்கரை சேராத கேக், பசையம் சேராத பிட்டா ரொட்டி, பால் சேராத ஐஸ்கிரீம் சுருள் என்று மூன்று பரீட்சைகளை வைத்தார்கள். மூன்றிலும் கடினமானது நடுவில் நிற்பதுதான் என்பது என் அபிப்பிராயம். சர்க்கரை கூடாதென்றால் தேன் இருக்கிறது. பால் கூடாதென்றால் தேங்காய்ப்பால் இருக்கிறது. குளூட்டன் என்று ரசாயன நூல்கள் குறிப்பிடும் பசையத்தை எடுத்துவிட்டாலோ, ரொட்டிக்கு ரொட்டியென்ற உருவத்தைக் கொடுக்கிற சரக்கே போய்விடுகிறது.

அந்த நடுப்பரீட்சையின் விதிகளும் இலகுவானவை அல்ல. செய்முறைக் குறிப்பில் பாதியை மறைத்துவிட்டு மீதியைக் கொடுப்பார்கள். இதைச் சேர், அதைச் சுடு என்று எழுதியிருக்குமே தவிர, எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்னும் விவரங்கள் இராமல் போகலாம். நேரம் முடிந்தவுடன் தட்டுகளை ஒரு நீண்ட மேஜையில் வரிசையாக வைத்துவிட, அப்போது நடுவர்களாயிருந்த மேரி பெரியும் பால் ஹாலிவுட்டும் எந்தத் தட்டு யாருடையது என்று அறியாமலே ருசி பார்த்துத் தரவரிசை சொல்வார்கள். கோதுமை மாவில் பல வருஷம் பழகியவருக்குக் குறிப்பு மறைந்திருப்பது பெரிய நஷ்டமில்லை. மாவு பதத்துக்கு வந்துவிட்டதா, இன்னும் பிசைய வேண்டுமா என்பதை அவருடைய விரல்களே சொல்லிவிடும். கோதுமையை விலக்கிய மாத்திரத்தில் அந்த விரல்களின் சாட்சியம் செல்லாமற்போகிறது. பன்னிரண்டு பிட்டா ரொட்டிகளைச் சுட்டு வைக்கும்படி கேட்ட அன்றைய பரீட்சையின் சூட்சுமம் அங்கேதான் இருந்தது.

பசையத்தைக் கண்ணால் காண்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. இத்தாலியில் பொலோன்யா நகரத்துப் பேராசிரியராக இருந்த யாகோப்போ பெக்காரி 1728-இல் விவரித்து, 1745-இல் அச்சேறிய அந்தப் பரிசோதனையை இன்றைக்கும் எந்தச் சமையலறையிலும் செய்து பார்க்கலாம். ஒரு பிடி மைதாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, அரைமணி நேரம் மூடிவைத்துவிட்டு, மெல்லிய நீர்த்தாரையின் கீழ்ப் பிடித்து நிதானமாகக் கசக்கினால், மாச்சத்து வெள்ளை வெள்ளையாகக் கரைந்து ஓடிக்கொண்டேயிருக்கும். நீர் தெளிந்து ஓடத் தொடங்குகிற சமயத்தில், கையில் பழுப்புச் சாயலான ஓர் உருண்டை, இழுத்தால் நீண்டும் விட்டால் சுருங்கியும் கொடுப்பதாக, மிஞ்சி நிற்கும். அதுதான் பசையம். அது ஒரே பொருளும் அன்று. க்ளையடின், க்ளூட்டெனின் என்னும் இருவகைப் புரதங்கள் தண்ணீரின் துணையால் கூடி உண்டாவது அது. க்ளூட்டெனின் மூலக்கூறுகள் கந்தக அணுக்களின் பிணைப்பினால் ஒன்றோடொன்று கோத்து நெடுஞ்சங்கிலிகளாகி மீள்தன்மையைக் கொடுக்கின்றன. தனித்தனியே நிற்கும் க்ளையடின் மூலக்கூறுகள் அவற்றினிடையே புகுந்து வழுக்கி, இழுபடுந்தன்மையைக் கொடுக்கின்றன. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு வெளியிடும் கரியமிலவாயுவானது, இந்தச் சவ்வு இழுபடுவதனாலேயே அதனுள் பலூனுக்குள் காற்றைப்போல் அடைபட்டு, மாவு முழுவதையும் ஊதிப் பெருக்குகிறது.

பிட்டா ரொட்டியில் இந்தச் சவ்வுக்கு இரட்டை வேலை. வட்டமாகத் தேய்த்த மாவைக் கடுஞ்சூடான அடுப்பினுள் வைத்தவுடன், மேலும் கீழும் இரண்டு தோல்கள் இறுகிவிட, நடுவிலுள்ள ஈரம் ஆவியாகி, தன் பழைய கொள்ளளவைப்போல் ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேல் விரிந்து, இரு தோல்களையும் பிரித்துக்கொண்டு உப்பியெழுகிறது. நம் வீட்டுப் பூரியும் இதே நியாயத்தினால்தான் உப்புகிறது. மேல்தோலில் ஊசிமுனையளவு விரிசல் கண்டாலும் ஆவி அதன் வழியே தப்பிவிட, ரொட்டி தட்டையாகவே நின்றுவிடும். அரிசிமாவுக்கும் மரவள்ளி மாவுக்கும் மக்காச்சோள மாவுக்கும் இழுபடும் சுபாவம் கிடையாது. தேய்த்தால் ஓரங்கள் வெடிக்கும், தூக்கினால் உடையும். அப்படியானால் பசையமில்லாத பிட்டாவை உப்பவைப்பது எப்படி?

மலச்சிக்கலுக்கு மருந்தாக நம் கடைகளில் விற்கும் இசப்கோல் உமியின் பொடிதான் அன்று அந்தக் கூடாரத்தில் கைகொடுத்த பொருள். உலகச் சந்தைக்குப் போகும் இசப்கோலில் மிகப் பெரும்பங்கு இந்தியாவில், பிரதானமாக குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைவது. குஜராத்திலுள்ள ஊஞ்ஜா நகரம் அதன் பெரிய வாணிபத்தலம். உமியிலுள்ள அராபினோசைலன் என்னும் மாவுச்சத்தல்லாத சர்க்கரைத்தொடர் தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி, வழுவழுப்பான கூழாகிவிடுகிறது. வயிற்றுக்குள்ளே அது செய்யும் உபகாரம் யாவரும் அறிந்ததே. மாவுக்குள்ளே அது செய்யும் காரியமும் ஏறக்குறைய அதைப்போன்றதுதான்: நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மாவைக் கையால் தொட்டு உருட்டவும் தேய்க்கவும் தக்க பக்குவத்துக்குக் கொண்டுவருகிறது, வாயுவும் ஆவியும் ஓடிவிடாதபடி ஒரு மெல்லிய கூழ்ச்சுவரை எழுப்புகிறது. ஆனால் உலர்ந்த பொடியை உலர்ந்த மாவிலே கொட்டிவிட்டு அவசரமாகத் தண்ணீரைச் சேர்த்தால் அது கட்டிகட்டியாக முடிந்துகொள்ளும். ஊறுவதற்கு நேரம் கொடுத்தாக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிற மனிதரிடம் ‘சற்றே கைகட்டி நில்’ என்று கேட்கும் பொருளைப் போட்டியில் வைத்தவர் யாரோ, அவர் குறும்புக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதே தொண்டைச் செய்யும் மற்றொரு பொருள் ஸாந்தன் கோந்து. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரிலுள்ள அரசாங்க விவசாய ஆய்வுக்கூடத்தில் அலீன் ஜீன்ஸ் என்ற ரசாயன அறிஞரும் அவருடைய சகாக்களும் கண்டெடுத்த இக்கோந்து, முட்டைக்கோஸில் கருப்பழுகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியா ஒன்றைச் சர்க்கரைக் கரைசலில் வளர்ப்பதால் கிடைக்கிறது. 1969-இல் அதை உணவில் சேர்க்க அந்நாட்டில் அநுமதி கிடைத்தது. கிளறும்போது நீர்த்தும், கிளறாதபோது கெட்டித்தும் நிற்கும் விசேஷ குணம் அதற்கு உண்டு. ஆகையால் மாவில் எழுந்த குமிழிகள் அடுப்புக்குப் போகும்வரை மேலே மிதந்துவிடாமல் இருந்த இடத்திலேயே தங்கி நிற்கின்றன. அதன்பின் முட்டையின் புரதம் சூட்டில் உறைந்தும், மாச்சத்து நீரை உண்டு பருத்தும், கட்டடத்தை நிரந்தரமாக்குகின்றன. கோதுமையில் ஒரே பொருள் செய்த காரியத்தை இங்கே நாலைந்து பொருள்கள் முறைவைத்துக்கொண்டு செய்கின்றன. எந்த ஒன்றின் அளவு தவறினாலும் ரொட்டி செங்கல்லாகவோ களியாகவோ முடியும்.

இவ்விடத்தில் இட்லியை நினையாதிருப்பது தமிழ் வாசகருக்குக் கஷ்டம். பசையம் அணுவளவும் இல்லாமல், ஈஸ்டையும் வாங்கிப் போடாமல், இரவில் பொங்கி விடியலில் பஞ்சாக வேகும் பண்டம் அது. அரிசியையும் உளுந்தையும் அரைத்த மாவில் லியூகோநாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் கரியமிலவாயுவை உண்டாக்க, அவ்வாயுவைப் பிடித்து நிறுத்துவன உளுந்திலுள்ள குளோபுலின் புரதமும் அராபினோகாலக்டன் என்னும் கொழகொழப்பான சர்க்கரைத்தொடரும் என்பதை 1970-களில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்துக்காட்டினார்கள். புரதம் நுரையைக் கட்டுகிறது. கொழகொழப்பு அந்நுரையைக் கலையாமற் காக்கிறது. ஸாந்தன் கோந்தும் முட்டையும் சேர்ந்து மேல்நாட்டு ரொட்டியில் செய்யும் உபாயத்தை, ஆட்டுக்கல்லின் காலத்திலேயே உளுந்து தனியாகச் செய்துவந்திருக்கிறது. இது பெருமையடித்துக்கொள்வதற்காகச் சொன்னதன்று. இட்லி ஆவியில் வேகிறது, தட்டின் குழி அதற்கு உருவம் கொடுக்கிறது, அதை யாரும் வட்டமாகத் தேய்த்து அடுப்பில் உப்பவைக்கும்படி கேட்பதில்லை. பிட்டாவின் சங்கடம் இட்லிக்கு ஏற்பட்டதேயில்லை.

போட்டிக்குத் திரும்புவோம். 2017-இல் சானல் 4 என்னும் நிலையத்துக்கு மாறிய அதே ‘பேக் ஆஃப்’, 2021-ஆம் ஆண்டின் தொடரில் காலிறுதி வாரத்தை விலக்குப் பண்டங்களின் வாரமாக வைத்து, இறுதிப் பரீட்சையாகப் பசையமில்லாத கொண்டாட்டக் கேக் ஒன்றைச் செய்யச் சொன்னது. ஆறு வருஷத்துக்கு முன் பிட்டாவைக் கேட்டவர்கள் இப்பொழுது கேக்கைக் கேட்டார்கள். பார்ப்பதற்குக் கேக்தான் பிரம்மாண்டம். அடுக்குகளும் அலங்காரமும் கொண்டது. ரசாயனத்தின் கண்ணுக்கோ பிட்டாவை நோக்கக் கேக் எளிது. கேக் செய்பவர், கோதுமை மாவையே உபயோகித்தாலும், பசையம் உண்டாவதை விரும்புவதில்லை. சர்க்கரை தண்ணீரைப் பங்குபோட்டுக்கொண்டும், வெண்ணெய் புரதத்தின்மேல் பூசிக்கொண்டும் பசையத்தைத் தடுக்க, மாவைச் சேர்த்தபின் அதிகம் கலக்கலாகாது என்று பாட்டிமார் புத்தி சொல்ல, கேக்கானது முட்டையையும் மாச்சத்தையும் நம்பியே எழுகிறது. ஆகவே கோதுமையை நீக்கி பாதாம்பொடியையும் அரிசிமாவையும் இட்டால் அது அதிகம் ஏமாறுவதில்லை. அமெரிக்காவில் ‘கப்கேக் வார்ஸ்’ என்ற போட்டியில், இரண்டே மணி நேரத்தில் ஆயிரம் கப்கேக்குகளைச் செய்து அடுக்கவேண்டிய கடைசிச் சுற்றையும் கடந்து, ஆரிகன் மாநிலத்தில் பசையமற்ற பண்டங்களையே விற்கும் கடையை நடத்திய கைரா புசானிச் என்பவர், கோதுமையில் செய்த போட்டியாளர்களை ஒரு தடவைக்கு மேல் வென்றார். அவருக்கென்று தனி வாரமோ சலுகை மதிப்பெண்ணோ ஏற்படுத்தப்படவில்லை. ஒரே மேஜையில், ஒரே நாக்கினால் தீர்ப்பு நடந்தது. பசையமின்மையை ஊனமாகக் காட்டும் தனி வாரங்களைக் காட்டிலும் அந்த முறையே எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது.

தனி வாரங்களில் இன்னொரு விந்தையும் உண்டு. 2013-ஆம் ஆண்டு ‘பேக் ஆஃப்’ தொடரின் காலிறுதியில், வழக்கமான கோதுமை மாவை விட்டு வேறு மாவில் ரொட்டி சுடும்படி கேட்டார்கள். அது பசையத்தை விலக்கிய விதியன்று. ஸ்பெல்ட் என்பது கோதுமைக் குலத்திலேயே பிறந்த பழைய தானியம். ரை தானியத்தில் செகாலின் என்ற உறவுக்காரப் புரதம் இருக்கிறது. இரண்டும் அந்த விதிக்குப் பொருந்தும், பசையம் ஆகாத நோயாளிக்குப் பொருந்தா. அதே வாரத்தில், முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் அடித்து ஹேசல் கொட்டைப்பொடி கலந்து சுடும் டாக்வாஸ் என்ற அடுக்குப் பண்டமும் ஒரு பரீட்சையாக வந்தது. அதன் அடுக்குகளுக்குக் கோதுமை தேவையே இல்லை. கோதுமையில்லாத பண்டம் மாற்றுப்பெயர் எதுவும் சூடாமல் வந்து போயிற்று; பசையமுள்ள ரொட்டியோ மாற்று மாவு என்ற பட்டத்தோடு மேஜையில் அமரத்தக்கதாயிருந்தது. முட்டை வெள்ளையால் எழும் மக்ரோன், மெரிங் முதலியவை ஏறாத சமையற்போட்டி இல்லை. அவற்றைப் பசையமற்ற பண்டமென்று எவரும் தொலைக்காட்சியில் அறிமுகப்படுத்துவதும் இல்லை. எது கோதுமையைப் போல நடிக்க முயன்று தோற்கிறதோ, அதற்கு மட்டுமே அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

போட்டி ஒருவகையில் பசையமில்லாத ரொட்டியின்மேல் மிகவும் கருணை காட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ரொட்டியின் பெருங்குறை மறுநாள் தெரிவது. வெந்தபோது நீரை உண்டு குழைந்த மாச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்லத் தன் பழைய ஒழுங்கான அமைப்பை நோக்கித் திரும்பி, உள்ளிருந்த நீரை வெளியே தள்ளிவிடுகிறது. பசையம் இருந்தால் இந்த உலர்வு தாமதப்படும், இல்லாவிட்டால் காலையில் பட்டாக இருந்த ரொட்டி மறுநாள் மரப்பொடியாகிவிடும். நடுவர்கள் சுட்ட அன்றே தின்றுவிடுகிறார்கள். அந்த ரொட்டியை வாங்கிக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்துத் தின்ன வேண்டியவர் கொடுக்கும் மதிப்பெண் எவ்வளவாயிருக்கும் என்பதை எந்தப் போட்டியும் விசாரித்ததில்லை.

இதுவரை சொன்னவை யாவும் பசையம் பண்டத்துக்குச் செய்யும் உபகாரத்தைப் பற்றியவை. அது சிலருடைய சரீரத்துக்குச் செய்யும் அபகாரம் வேறொரு சரித்திரம். சீலியாக் என்னும் நோய்க்கு உணவே மருந்தாக வேண்டும் என்று லண்டன் வைத்தியர் சாமுவேல் கீ 1888-இலேயே எழுதினார். ஆனால் எந்த உணவு குற்றவாளி என்பது அவருக்குப் புலப்படவில்லை. நெதர்லாந்தில் ஹேக் நகரத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் கரேல் டிக்கே 1930-களிலிருந்தே கோதுமையைச் சந்தேகித்துவந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலமான 1944-45-இல் அந்நாட்டு ஜனங்கள் ரொட்டி கிடைக்காமல் பட்டினியால் வாடியபோது, அவருடைய சீலியாக் குழந்தைகள் மாத்திரம் தேறிவந்தது அந்தச் சந்தேகத்தை உறுதிசெய்தது; 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் அவர் அதை நிறுவினார். க்ளையடினில் ப்ரோலின், க்ளூட்டமின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுதியாதலால், வயிற்றின் ஜீரண நொதிகள் அதைத் துண்டுதுண்டாக அறுக்க முடியாமல் திணறுகின்றன. முப்பத்துமூன்று அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு கடைசிவரை அறுபடாமலே எஞ்சுவதை 2002-இல் கண்டார்கள். பரம்பரையாக ஒருவகை மரபணுக் கூறு அமைந்தவர்களுள் சிலருக்கு, இத்துண்டுகளைப் பகையென்று கருதி உடலின் காவற்படை தன் குடலையே தாக்க, உணவை உறிஞ்சும் மெல்லிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. இந்தியாவைப் பற்றி 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் இந்நோயைக் குறிக்கும் எதிர்ப்புரதங்கள் வடபுலத்தில் 1.23 சதவீதத்தினரிடமும், வேலூர்ப் பக்கத்தில் எடுத்த தென்புலக் கணக்கில் 0.10 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. மரபணுக் கூறு இரு புலத்திலும் இருக்க, வித்தியாசத்துக்குத் தட்டில் விழும் கோதுமையின் அளவே முக்கிய காரணமாகத் தோன்றியது. சப்பாத்தியும் பரோட்டாவும் பெருகிவரும் தென்னாட்டார் இந்த எண்ணைச் சற்றே கவனித்து வைத்துக்கொள்ளலாம்.

இந்நோயாளிகளுக்குப் பசையம் எவ்வளவு வரை பாதகமில்லை? நாளொன்றுக்கு 10 மில்லிகிராமைப் பெரும்பாலோர் தாங்கக்கூடும் என்பதும், 50 மில்லிகிராம் தொடர்ந்து சேர்ந்தால் குடலுக்குச் சேதம் நேரும் என்பதும் ஆராய்ச்சியாளரின் மதிப்பீடு. இதைக் கொண்டே, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத பண்டமே பசையமற்றது என்ற பெயரைத் தாங்கலாமென்று 2008-இல் சர்வதேச உணவுநியமமும், 2013-இல் அமெரிக்க அரசாங்கமும் வரையறுத்தன. எண்ணாகச் சொன்னால் இதன் கடுமை மனத்தில் படாது. ஒரு கிராம் மைதாவில் சுமார் 80 மில்லிகிராம் பசையம் உண்டு. ஆகவே சுத்தமான அரிசிமாவு ஒரு கிலோவில் கால் கிராம் மைதா, அதாவது ஒரு சிட்டிகையளவு, விழுந்தாலே எல்லை எட்டிவிடும். சாதாரண ரொட்டித் துண்டு ஒன்றில் 2 கிராமுக்கு மேல் பசையம் இருக்கிறது. அந்தத் துண்டை இருநூறு பங்கு செய்து ஒரு பங்கைத் தின்றாலே ஒரு நாளைய எல்லை எட்டிவிடும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அந்தக் கூடாரத்துக்குள்ளே பார்வையைச் செலுத்துங்கள். வாரக்கணக்காகக் கோதுமை மாவு சலித்த மேஜைகள். மாவு படிந்த இயந்திரக் கலக்கிகள். மரக்கரண்டியின் ரேகைகளில் ஊறிக் காய்ந்த பழைய மாவு. சலித்தபின் பல மணி நேரம் காற்றில் மிதந்து இறங்கும் நுண்துகள். 2021-இல் பசையமற்ற கேக்குக்கு முந்தின பரீட்சை, கோதுமை மாவினாலாகிய மேலுறை சுற்றிய சைவ சாஸேஜ் சுருள். இதைப் போட்டி நடத்துவோரின் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தக் கேக்கை வாரந்தோறும் கோதுமை தின்னும் நடுவர்கள்தானே ருசித்தார்கள், நோயாளிக்கு விற்கவில்லையே. ஆனால் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாய், தன் நோயுற்ற பிள்ளைக்கு வேண்டியது மாவை மாற்றுகிற வித்தை ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டால், அவ்வெண்ணத்தை அந்த நிகழ்ச்சியில் திருத்துவதற்கு இடமேயில்லை. உப்பாத பிட்டா தொலைக்காட்சியில் நன்றாகத் தெரியும். கேக்கின் அடி களியாக நின்றதும் தெரியும். நடுவரின் முகம் சுளித்ததும் தெரியும். கிலோவுக்கு 19 மில்லிகிராமா 190 மில்லிகிராமா என்பது எந்தப் புகைப்படக்கருவிக்கும் தெரியாது, எந்த நாக்குக்கும் எட்டாது. எதைப் படம்பிடிக்கலாமோ அதையே போட்டி பரீட்சிக்கிறது.

மேஜைத்தூசு மட்டுமன்று, பொருள்களுக்குள்ளேயே ஒளிந்துவரும் பசையமும் உண்டு. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. மால்ட் சாரம் பார்லியிலிருந்து எடுத்தது. நம் சமையலுக்கும் இதில் விலக்கில்லை. சாம்பாரில் இடும் கூட்டுப் பெருங்காயத்தில், பிசினின் காரத்தைத் தணித்துப் பொடியாக்குவதற்காகப் பல தயாரிப்பாளர் கோதுமை மாவையே சேர்க்கிறார்கள். டப்பாவின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அது அச்சிட்டிருக்கும். சுத்தமான இட்லியைத் தட்டில் வைத்து, அதன்மேல் இந்தச் சாம்பாரை ஊற்றினால் நோயாளியின் கதி என்ன? அரிசிமாவில் பெருங்காயப்பொடி கலந்து பூரணமான தென்னிந்தியப் பலகாரம் ஒன்றைச் செய்து, பசையமற்றதென்று பெயரிட்டு எந்தப் போட்டியில் வைத்தாலும், ருசி பார்க்கிற நடுவர் ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கமாட்டார்.

கண்டுபிடிப்பதற்கு வழி இல்லாமலில்லை. மாட்ரிட் நகரத்து ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘ஆர்5’ என்னும் எதிர்ப்புரதம், க்ளையடினில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு அமினோ அமில வரிசையைத் தேடிப் பற்றிக்கொள்வது. அதை ஆதாரமாகக் கொண்ட சோதனையைச் சர்வதேச நியமமும் ஏற்றிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அளவைத் துல்லியமாகச் சொல்வதற்குச் சில மணி நேரம் ஆகலாமாயினும், கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் போன்ற காகிதப் பட்டைகளும் கடையில் கிடைக்கின்றன. பண்டத்தில் ஒரு துணுக்கைக் கரைசலில் கலக்கி, பட்டையை நனைத்து, பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுத்திருந்தால், கோடு விழுந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். மேஜைப் பலகையைத் துடைத்த பஞ்சையும் அதே விதமாகச் சோதிக்கலாம். வாசகர் சிரிக்கக்கூடும், ஆயினும் ரொட்டி உப்புமா என்று அடுப்பின் கண்ணாடிக்கதவு வழியே குனிந்து பார்ப்பவர்களைக் காட்டுவதற்கு நேரமுள்ள நிகழ்ச்சிக்கு, கோடு விழுமா என்று பட்டையைப் பார்ப்பவர்களைக் காட்டுவதற்கும் நேரம் உண்டு, பரபரப்புக்கும் குறைவிராது. அடுத்த முறை பசையமில்லா வாரம் ஒன்று வரும்போது, நடுவருக்குக் கத்தியைக் கொடுக்குமுன் இந்தப் பட்டையைக் கொடுக்கட்டும். சல்லடையையும் கரண்டியையும் வீட்டிலிருந்து புதிதாகக் கொண்டுவந்தவர் யார், பக்கத்து மேஜையில் இரவல் வாங்கியவர் யார் என்பதும் அப்போது தெரிந்துபோகும்.